உறைதல்: உள்ளிருப்பின் சொல்வரலாறு

ஓரிடத்தில் இருப்பதைச் சொல்லத் தமிழில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. இரு, வாழ், தங்கு, குடியிரு, வசி, அமர், வதி, உறை என்று அடுக்கலாம். இவற்றுள் பேச்சுவழக்கை விட்டு ஏறக்குறைய நீங்கிவிட்டது உறை. மதுரையில் இருக்கிறேன் என்போம், குடியிருக்கிறேன் என்போம். உறைகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதே ஒலியுள்ள சொல் நாள் முழுதும் நம் வாயில் புழங்குகிறது. தலையணைக்கு உறை மாட்டுகிறோம். கடிதத்தை உறையில் போடுகிறோம். பாலுக்கு உறை ஊற்றுகிறோம். கிணற்றுக்கு உறை இறக்குகிறோம். யாழ்ப்பாணத்துச் சமையலை உறைப்பு என்கிறோம். ஒருவர் சொன்னது மனத்தில் தைத்தால் 'அப்போதுதான் உறைத்தது' என்கிறோம்.

இவையெல்லாம் ஒரே சொல்லா, பல சொற்களா? 'உள்ளே தங்குதல்' என்ற பொருள் இவற்றுள் எதற்கு உரியது? அந்தப் பொருள் இலக்கியத்திலும் வழிபாட்டிலும் இலக்கணத்திலும் எவ்வாறு கையாளப்பட்டது? இம்மூன்று கேள்விகளையும் ஒருசேரப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: உறைதல் என்பது இருப்பவரையும் இடத்தையும் பிணைக்கிற தங்கல். உறைபவரால் இடம் பெயர் பெறும்; இடத்தால் உறைபவர் அறியப்படுவார். ஏனைய வினைகளுக்கு இந்தப் பிணைப்புக் கட்டாயமில்லை.

ஒரு சொல்லா, பல சொற்களா?

இக்கேள்வியை அறிஞர்கள் மூன்று வழிகளில் அணுகியுள்ளனர். முதலாவது அகராதி வழி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தங்குதல், வாள் முதலியவற்றின் கூடு, மழைத்துளி, பிரைமோர் போன்ற பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. ஒலி ஒன்று என்பதால் சொல்லும் ஒன்றே என்று கொள்ளாத எச்சரிக்கை அதில் உண்டு.

இரண்டாவது ஒப்பியல் வழி. பர்ரோ, எமனோ இருவரும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி போன்ற ஆய்வுகள் இனமொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கின்றன. கூடு என்ற பொருளில் மலையாளத்தில் உற, கன்னடத்தில் ஒரெ, தெலுங்கில் ஒர என்ற வடிவங்கள் உள்ளன. எனவே கூட்டைக் குறிக்கும் சொல் தமிழில் பிற்காலத்தில் கிளைத்ததன்று. தென்மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல்.

மூன்றாவது வேர்ச்சொல் வழி. 1974இல் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இவ்வழிக்குப் பெரிய களம் அமைத்தது. இவ்வழியில் செல்வோர் உறு என்ற வினையை நோக்குவர். உறுதல் என்றால் தொடுதல், பொருந்துதல், அடைதல். பொருந்தி நிற்பது உறைதல் என்று கொள்ளுவது பொருளளவில் இயல்பாகவே அமைகிறது.

இம்மூன்றையும் தராசில் இட்டால், எல்லா உறைகளையும் ஒரே வேரில் கட்டிவிடும் ஆசையை அடக்குவதே நேர்மை. ஆனால் சொல்லின் பிறப்பு வேறு, வழக்கில் அதற்கு அமையும் உறவு வேறு. வெவ்வேறு வேரில் பிறந்த சொற்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே ஒலியில் புழங்கும்போது ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழும். இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. தங்கினான் என்ற பொருளிலும் பால் கட்டியானது என்ற பொருளிலும் வருவது உறைந்த- என்ற ஒரே வடிவம். காரம் நாவில் ஏறுவதற்கும் சொல் மனத்தில் ஏறுவதற்கும் வருவது உறைத்த- என்ற வல்வினை வடிவம். முன்னது தானே நிகழ்வது. பின்னது இன்னொன்றின்மேல் தாக்குவது.

எழுத்துப்பிழை ஒன்றையும் இங்கே விலக்கிவிட வேண்டும். ரகர உரை வேறு. பேசுதல், விளக்கம் எழுதுதல், தேய்த்தல் ஆகியவை அதன் பொருள்கள். குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பதும் பொன்னை உரைகல்லில் உரைப்பதும் ரகரம். உறைமோரும் தலையணை உறையும் றகரம்.

கல்லில் ஓர் உறை

இச்சொல்லின் பழமைக்கு மிக உறுதியான சான்று ஏட்டில் இல்லை, பாறையில் இருக்கிறது. கரூர் மாவட்டம் புகளூர் அருகே ஆறுநாட்டார் மலையில் இயற்கைக் குகைகள் உள்ளன. அவற்றில் சமணத் துறவியர் படுப்பதற்காகப் பாறையைச் சமன்செய்து வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவியின் இருப்பிடத்தை உறை என்ற சொல்லால் குறிக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ; இந்த இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டப்பட்ட கல் இது என்றும் கூறுகிறது. சேர மரபின் மூன்று தலைமுறைகளை அடுக்கிச் சொல்வதால் வரலாற்றாசிரியர்கள் இக்கல்வெட்டைப் பொன்போல் போற்றுகிறார்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்று கணித்தார்.

சொல்லாய்வு செய்பவருக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. துறவியர் தங்குமிடங்களைக் குறிக்கப் பள்ளி, பாளி, அதிட்டானம் ஆகிய சொற்களும் குகைக் கல்வெட்டுகளில் வருகின்றன. அவற்றோடு உறையும் இடம்பெறுகிறது. செங்காயபனுக்கு அந்தக் குகை சொத்தன்று. குடும்பமோ குடியோ அங்கே இல்லை. சமணத் துறவியர் மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் நிலைத்திருப்பார்கள். மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருப்பார்கள். இருந்தும் அந்த இடம் அவர் பெயரால் அறியப்படுகிறது. ஆக, உறைவதற்கு உடைமை தேவையில்லை. அவருடைய இருப்பே அந்த இடத்துக்கு அடையாளம் ஆகிவிட்டது.

சோழரின் பழைய தலைநகரான உறையூரின் பெயரிலும் இச்சொல்லே முன்னிற்கிறது. சங்கப் பாடல்கள் அவ்வூரை உறந்தை என்றும் அழைக்கும். இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட அவ்வூர் பழைய பெயரை விடவில்லை.

குறளில் உறைபவர்கள்

ஒரு வினையின் பொருள் எல்லையை அளக்கத் திருக்குறளைப் போல் வசதியான நூல் வேறில்லை. சொற்களை அளந்து வைத்த நூல் அது. அதில் உறை எங்கெங்கே வருகிறது என்று பார்க்கலாம்.

குறள் 84இல் முகமலர்ந்து விருந்தோம்புபவன் வீட்டில் திருமகள் உறைகிறாள். 1015இல், பிறர்க்கு வரும் பழியையும் தம் பழிபோல் எண்ணி நாணுகிறவரை நாணம் என்ற பண்பு உறையும் பதி என்று உலகம் சொல்கிறது. இங்கே உறைவிடம் ஒரு மனிதர். 890இல் மனம் ஒத்துப்போகாதவரோடு வாழும் வாழ்க்கை, ஒரே குடிசைக்குள் பாம்போடு சேர்ந்து உறைவதற்கு ஒப்பாகிறது. 426இல் உலகம் எவ்வாறு உறைகிறதோ அவ்வாறு அதனோடு ஒட்டி உறைவது அறிவு. ஒழுகுதல் என்ற அளவுக்குப் பொருள் விரிகிறது. 680இல் உறைசிறியார் என்பவர் ஆளும் இடம் சிறிதாகப் பெற்றவர்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 1130. தலைவி சொல்கிறாள்: அவர் என் உள்ளத்துக்குள் என்றும் மகிழ்ந்து உறைகிறார், இந்த ஊரோ அவர் பிரிந்து வேறிடத்தில் உறைகிறார், அன்பில்லாதவர் என்று பேசுகிறது. ஒரே குறளில் உறை இருமுறை வருகிறது. ஊர் உடலைக் கணக்கில் எடுத்து ஒரு முகவரி சொல்கிறது. தலைவி உறவைக் கணக்கில் எடுத்து இன்னொரு முகவரி சொல்கிறாள். இரண்டையும் உறைதல் என்று அழைத்ததால்தான் அவள் வாதம் நிற்கிறது. அவர் உள்ளத்தில் இருப்பதற்கு மட்டும் ஒரு கவிதைச் சொல்லைத் தனியே தேடியிருந்தால் ஊர் அதைப் பொருட்படுத்தியிருக்காது.

இவ்விடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். எந்த இடத்திலும் உறைபவர் அந்த இடத்தைத் தொடாமல் இருப்பதில்லை. திருமகள் வீட்டைச் செழிப்பாக்குகிறாள். நாணம் மனிதரைச் சான்றோர் ஆக்குகிறது. பாம்பு குடிசையையே அச்சத்தின் இடமாக்கிவிடுகிறது. நன்மையாகட்டும் தீமையாகட்டும், உறைவது தன் இடத்தைத் தன்வயமாக்குகிறது.

முருகன் உறையும் இடமும் செல்லும் இடமும்

திருமுருகாற்றுப்படை முருகனின் இடங்களை வரிசையாகச் சொல்லும் நூல். அறுபடைவீடு என்ற வழக்கு இதிலிருந்து கிளைத்தது என்பதை அறிவோம். ஆனால் அதை வேகமாகப் படிப்பவர்கள் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. நக்கீரர் எல்லா இடத்துக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தவில்லை. திருப்பரங்குன்றத்தில் முருகன் அமர்ந்து உறைகிறான். திருச்சீரலைவாய்க்கு அவன் செல்கிறான். அங்கே வரும் வினை சேறல். ஆவினன்குடியில் அவன் இளைப்பாறித் தங்குகிறான், வினை அசைதல். ஏரகத்தில் மீண்டும் உறைதல். குன்றுகள் தோறும் ஆடல்.

ஒரே தெய்வத்தின் இருப்பு உறைதலாகவும் செல்லுதலாகவும் இளைப்பாறலாகவும் ஆடலாகவும் பிரித்துச் சொல்லப்படுகிறது. அலைவாய்ப் பகுதியில் யானைமேல் ஏறிவரும் முருகனின் ஆறு முகங்களும் பன்னிரு கைகளும் என்னென்ன செய்கின்றன என்று கவிஞர் விரிக்கிறார். அது இயக்கத்தின் காட்சி, ஆகவே சேறல். ஏரகத்தில் அந்தணர் நீராடிப் புலராத ஆடையோடு மந்திரம் ஓதி மலரிட்டு வழிபடுகிறார்கள். அது நாள்தோறும் நடக்கும் நிலைத்த வழிபாடு, ஆகவே உறைதல். வினைச்சொல்லின் தேர்வே வழிபாட்டின் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

பிற்காலப் பக்திப் பாடல்களில் இந்த நுட்பம் பரந்தது. தேவாரத்தில் ஊர்ப்பெயரோடு மேய, அமர்ந்த, உறையும் என்ற வினைகள் இணைந்து வருவது மரபாகவே ஆனது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 6.10.10இல் திருமாலின் மார்பில் அலர்மேல் மங்கை இருப்பதைச் சொல்லும் வினையும் உறைதான். நொடிப்பொழுதும் அகலமாட்டேன் என்று அவள் சொல்வதாக வரும் அந்த இடத்தில், அகலாமை என்ற கருத்துக்கு உரிய வினையாக உறை நிற்கிறது.

மலையாளத்தில் வெளிச்சப்பாடு என்னும் சாமியாடி அருள்வந்து ஆடுவதை உறஞ்ஞு துள்ளுதல் என்பார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் சாமி வந்திருச்சு, சாமி இறங்கிருச்சு என்கிறோம். வருவதையும் இறங்குவதையும் சொல்கிறோம். கோயிலில் நிலைத்திருக்கும் தெய்வத்துக்கோ குடிகொண்ட, எழுந்தருளிய, உறையும் என்கிறோம். வந்து போவதற்கு ஒரு வினை, நிலைத்திருப்பதற்கு இன்னொரு வினை என்ற பழைய பாகுபாடு மக்கள் வழக்கிலும் தப்பாமல் இருக்கிறது.

கிணற்றுறையும் உறைமோரும்

இனிப் பெயர்ச்சொல்லாக வரும் உறைகளுக்கு வருவோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் புறச்சேரியைச் சொல்லும்போது உறைக்கிணற்றைக் குறிப்பிடுகிறது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு அது. அரிக்கமேடு முதல் கீழடி வரை அகழாய்வுகளில் இத்தகைய கிணறுகள் வெளிப்பட்டுள்ளன. இன்றும் மணற்பாங்கான ஊர்களில் இதே முறைதான். சுட்ட மண்ணுக்குப் பதில் சிமெண்ட் வளையம் வந்திருக்கிறது. முதல் உறையைத் தரையில் வைத்து, அதற்குள் ஆள் இறங்கி மண்ணைத் தோண்டி எடுப்பார். அடிமண் போகப்போக உறை தன் எடையாலேயே கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த உறையை ஏற்றுவார்கள். கிணற்றின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லாமல் 'எத்தனை உறை இறங்கியிருக்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. உறை இல்லாவிட்டால் மணல் சரிந்து ஊற்றை மூடிவிடும். கத்திக்கு உறை கூர்மையைக் காப்பது போல, இங்கே ஊற்று நிலைக்க உறை வேண்டும்.

உறைமோர் இதற்கு நேர் எதிர்த் திசை. கிணற்றில் உறை வெளியே நின்று உள்ளிருப்பதைக் காக்கிறது. பாலில் உறை உள்ளே சென்று வெளியிருப்பதை மாற்றுகிறது. காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையை உண்டு பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் ஏறஏறப் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிறது. இதை உறை ஊற்றுதல், உறை குத்துதல், பிரை ஊற்றுதல், தோய்த்தல் என்று ஊருக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம்.

புறநானூற்று 276ஆம் பாடல் இந்தச் சமையற்கட்டு நிகழ்ச்சியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோகிறது. வயது முதிர்ந்து வற்றிய ஒரு தாயின் மகன் தனியனாகப் பகைப்படையைக் கலக்குகிறான். ஆயர்மகள் நகத்தால் தெறித்த சிறிதளவு உறை குடம் நிறைந்த பாலையும் மாற்றுவது போல, அவன் ஒருவனே அப்படை முழுதுக்கும் நோயாகிறான் என்கிறது பாடல். அளவில் சிறியது, உள்ளே புகுந்ததும் முழுவதையும் தன்வயமாக்குகிறது. வேர் வேறாக இருக்கலாம் என்று முன்னர் ஒப்புக்கொண்டோம்; ஆனால் குறளில் நாம் கண்ட உறைதலின் குணம் இந்த உறையிலும் அப்படியே இருக்கிறது. ஒலி ஒப்புமை ஒன்றே இத்தகைய பொருள் ஒப்புமையைத் தராது. பேசியவர்கள் இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக உணர்ந்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

உள்ளுறை: இலக்கணம் ஆன வினை

இவ்வினை அடைந்த மிகப்பெரிய உயரம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அகத்திணையியல் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாகப் பகுக்கிறது. ஏனை உவமத்தில் பொருள் வெளிப்படையாக நிற்கும். உள்ளுறையில் சொல்லப்படுவது ஒரு நிலக்காட்சி. சொல்ல வந்தது அதற்குள் உறைகிறது. பொருளியல் உள்ளுறையை உடனுறை, உவமம், சுட்டு, நகை, சிறப்பு என ஐந்தாக வகுக்கிறது. அந்த ஐந்தின் முதற்பெயரிலும் உறை இருக்கிறது. உவமவியலில் வரும் உவமப்போலி, வினை, பயன், உறுப்பு, உரு, பிறப்பு என்ற ஐந்து வழிகளில் தோன்றும். உள்ளுறைக்கும், குறிப்புப்பொருளின் இன்னொரு வகையான இறைச்சிக்கும் எல்லை எங்கே என்பதில் உரையாசிரியர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர்; இன்றுவரை அந்த விவாதம் முடியவில்லை.

குறுந்தொகையின் 8ஆம் பாடலில் உள்ளுறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பேசுபவள் பரத்தை. தலைவன் ஊரைச் சொல்கிறாள்: வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர். மேலோட்டமாகப் பார்த்தால் மருத நிலத்தின் வளம். உள்ளே இருப்பது அவளுடைய வழக்கு: மீன் மரமேறிப் பழம் பறிக்கவில்லை; பழம் தானாக வந்து விழுந்தது. அவனை நான் வலிந்து இழுக்கவில்லை, அவனே வந்தான் என்பது அவள் சொல்லாமல் சொல்வது. காட்சியை எடுத்துவிட்டால் வழக்கு இல்லை. வழக்கை எடுத்துவிட்டால் காட்சி வெறும் வருணனை.

தொல்காப்பியர் இதற்கு ஒரு வரம்பும் வைத்தார். கருப்பொருள்களில் தெய்வம் தவிர்த்த ஏனையவற்றை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை தோன்றும். மீன், பழம், எருமை, நாரை, தாமரை, கழனி என்று நிலத்தில் உள்ளவையே பொருளைச் சுமக்கத் தகுதி பெற்றன. கோயிலில் தெய்வம் உறைகிறது என்ற அதே மொழி, கவிதையில் பொருளை உறையவைக்கத் தெய்வத்தை விலக்கி வைக்கிறது. கண்ணால் கண்டு பழகிய உலகத்துக்குள்தான் பொருள் உறையும் என்ற இந்த உறுதி தமிழ்க் கவிதையின் பெருமைகளுள் ஒன்று.

1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் உள்ளுறையை 'இன்செட்' என்று விளக்கினார். உள்ளே பதித்தது என்பது அதன் கருத்து. சிறந்த விளக்கம்தான், ஆனால் பதிக்க ஒருவர் வேண்டும், பதித்ததைப் பெயர்க்கவும் முடியும். உறைவது பெயர்த்தெடுக்க முடியாதபடி இடத்தோடு ஒன்றியது.

இன்றைய வழக்கு

இப்போது உறை தனி வினையாகப் பின்வாங்கி, கூட்டுச்சொற்களில் உயிர்வாழ்கிறது. உறைநிலை, உறைபனி, இரத்த உறைவு ஆகியவை அறிவியல் தமிழில் நிலைத்துவிட்டன. கையுறை பொருள் மாறிய சொல். அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்காகக் கொண்டுவரும் பரிசு அது. தோழி அதை மறுப்பது தனித்துறை. இன்று மருத்துவரும் தோட்ட வேலை செய்பவரும் மாட்டிக்கொள்வது.

மொழிபெயர்ப்பிலும் உறையின் இடம் சுருங்கியது. விவிலியத்தின் பழைய தமிழாக்கம் வாக்கு மனிதரிடையே இருந்ததை வாசம்பண்ணினார் என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு குடிகொண்டார் என்று மாற்றியது. பின்னது தமிழ் வழிபாட்டு மொழிக்கு நெருக்கமான தேர்வு. செய்தித்தாளிலும் அலுவலகத் தமிழிலும் வசிக்கிறார் என்பதே எல்லாப் பொருளுக்கும் போதுமென ஆகிவிட்டது.

ஆனால் அரசு வழக்கில் ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு: உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடியினர் குழந்தைகளுக்கும், படிப்பைப் பாதியில் விட்ட பெண்குழந்தைகளுக்கும் நடத்தப்படும் பள்ளிகள் இப்பெயரைத் தாங்குகின்றன. உணவு, உடை, உறையுள் மூன்றையும் கொடுப்பதே அறம் என்று வரையறுத்த மணிமேகலையின் நேர்வாரிசு இப்பெயர். தங்குமிடம் என்று வைத்திருந்தால் கட்டிலும் கூரையும் போதும். உறைவிடம் என்று வைத்தபின், அந்தக் குழந்தை அதைத் தன் இடமாக உணரும்படி நடத்துவது கடமையாகிறது. சுவரில் எழுதிய சொல்லுக்கு ஏற்ப விடுதியில் சுத்தமான கழிப்பறையும் வயிறு நிறையச் சோறும் அன்பாகப் பேசும் காப்பாளரும் இருக்கிறார்களா என்று கேட்கும் உரிமையை அச்சொல்லே நமக்குத் தருகிறது.

முடிவாக

தொகுத்துச் சொன்னால்: தங்குதல், கூடு, பிரை, மழைத்துளி ஆகிய உறைகளை ஒரே வேரில் கட்டச் சான்று போதாது. ஆனால் தங்குதல் என்ற வினைக்குத் தனிக்குணம் உண்டு என்பதற்குப் புகளூர்ப் பாறை முதல் தொல்காப்பியம், குறள், ஆற்றுப்படை, பக்திப் பாடல்கள் வரை சான்று நிறையவே இருக்கிறது. அந்தக் குணம், உறைபவரும் இடமும் ஒன்றையொன்று மாற்றுவது.

எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கைவிடக் கூடாது. முகவரி சொல்ல வசி போதும். ஓரிரவுக்குத் தங்கு. குடும்பமும் அடுப்பும் சேர்ந்தால் குடியிரு. ஒருவர் அல்லது ஒன்று ஓர் இடத்தில் நிலைத்து, அந்த இடத்தையே வேறாக்கிவிட்டதைச் சொல்ல வேண்டுமானால் உறை என்று எழுதலாம். எல்லா இடத்திலும் அதைப் போட்டால் நடை செயற்கையாகும். உரிய இடத்தில் அதை விட்டுவிட்டு வசி என்று எழுதினால், ஈராயிரம் ஆண்டுகள் தமிழர் காத்துவந்த ஒரு வேறுபாடு நம் கையில் மழுங்கிப்போகும்.